தெரபி அறையில் ஒரு போங்காட்டம்

இந்தப் பதிவு சிலருக்குக் கோபம் வரவழைக்கும். தெரபி மையம் நடத்துகிறவர்களுக்கு நிச்சயம் வரும். மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலருக்கும் வரலாம். வந்தால் வரட்டும். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

விஷயம் இதுதான். நம் பெருநகரங்களில் ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளுக்கு 'சோஷியல் ஸ்கில்ஸ்' கற்றுத்தருகிறோம் என்று லூடோ, பரமபதம், யூனோ எல்லாம் விளையாட வைக்கிறார்கள். நல்ல யோசனை. இந்த ஆறு வருஷத்தில் தெரபிஸ்டுகள் வாயிலிருந்து நான் கேட்ட யோசனைகளிலேயே நல்லது இதுதான். ஆனால் அதை நடத்துகிற விதம் இருக்கிறதே, அது சுத்தமான போங்காட்டம். ஆட்டத்திலிருந்து ஆட்டத்தை உருவி எடுத்துவிட்டு, பலகையையும் காயையும் மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு 45 நிமிஷக் கணக்கில் காசும் வாங்கி, மாசக் கடைசியில் ஒரு கிராஃபும் கையில் கொடுக்கிறார்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை, சைக்காலஜி படித்தவனும் இல்லை. புனேயில் பதினாலு வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் குப்பை கொட்டுகிறவன். என் பையனுக்கு இப்போது ஒன்பது வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று மையங்கள் பார்த்தாயிற்று. பெயர்கள் வேண்டாம். சண்டை ஆட்களோடு இல்லை, முறையோடு.

தெரபியே ஏமாற்று என்று சொல்கிற கூட்டத்திலும் நான் இல்லை. என் பையன் தானே பல் தேய்ப்பதும், அழாமல் தண்ணீர் கேட்பதும் சில தெரபிஸ்டுகளின் மலை போன்ற பொறுமையால் வந்தவை. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஊக்கம் கொடுத்துச் சொல்லித்தருவதுதான் பிஹேவியர் தெரபியின் அடிப்படை. பல் தேய்க்க அது அருமையாக வேலை செய்கிறது. பல் தேய்க்க இன்னொரு ஆள் தேவையில்லை. சிநேகத்துக்குத் தேவை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பலகைக்கு உள்ள மகிமை

முதலில், பலகை ஆட்டம் ஏன் நல்ல யோசனை என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால்தான் அதை எப்படிக் கெடுக்கிறார்கள் என்பது புரியும்.

ஒன்பது வயசுப் பிள்ளைகள் கூடி நின்று பேசுவதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? யார் எப்போது பேசலாம், எதற்குச் சிரிக்க வேண்டும், எப்போது பேச்சு மாறியது, ஒன்றுக்கும் அறிவிப்பு கிடையாது. என் பையனுக்கு அது காதில் விழாத மொழியில் ஓடுகிற சினிமா. பலகை ஆட்டத்தில் எல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது. பகடை யார் கையில் இருக்கிறதோ அவன் முறை. ஆட்டம் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. காத்திருப்பதற்கு ஓர் அளவு இருக்கிறது: இன்னும் மூன்று பேர், அப்புறம் நான்.

இன்னொரு பெரிய சௌகரியம், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நாலு பேரும் பலகையைப் பார்க்கலாம். ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துப் பார்க்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இதைவிட வசதியான கூட்டம் அமையாது.

பரமபதத்தில் இன்னொன்றும் உண்டு. அது முழுக்க முழுக்கப் பகடையின் கையில் இருக்கிறது. பாம்பு கடித்தால் உன் புத்தியில் குறையில்லை. தோற்பதைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. அமெரிக்காவில் எலினார் அபாட் என்ற ஆசிரியை போலியோ வந்து சான் டியாகோ மருத்துவமனையில் இருந்தபோது, அங்கே இருந்த குழந்தைகளுக்காக ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். 1949-ல் 'கேண்டி லேண்ட்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. அதுவும் சீட்டு சொன்னபடி நகர்கிற ஆட்டம்தான், யோசிக்க ஒன்றுமில்லை. படுக்கையில் கிடக்கிற குழந்தைக்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நம் மையங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

அறைக்குள் நடப்பது என்ன?

நாங்கள் போன ஒரு மையத்தில் கண்ணாடிச் சுவர் வழியாகப் பெற்றோர் பார்க்கலாம். நான் பார்த்த காட்சி: சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் என் பையன், மற்றதில் இருபத்தைந்து வயது தெரபிஸ்ட். நடுவில் லூடோ. பையன் பகடை உருட்டுகிறான், காயை நகர்த்துகிறான். "வெயிட்" என்கிறார். மூன்று விநாடி காத்திருக்கிறான். "குட் வெயிட்டிங்!" அட்டையில் ஒரு நட்சத்திரம். "லுக் அட் மீ." பார்க்கிறான். இன்னொரு நட்சத்திரம். "சே, மை டர்ன்." சொல்கிறான். இன்னொன்று. ஐந்து சேர்ந்ததும் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். கடைசியில் பையன் ஜெயிக்கிறான். எப்போதும் அவன்தான் ஜெயிக்கிறான்.

மூன்று மாசத்தில் கிராஃப் ஜோராக மேலே ஏறியது. 'டர்ன் டேக்கிங் - மாஸ்டர்டு' என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரமே எங்கள் சொசைட்டி பார்க்கிங்கில் பிள்ளைகள் லூடோ ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கு இவனும் போனான். நாலாவது நிமிஷம் பலகை ஒரு பக்கம், காய்கள் கார்களுக்கு அடியில்.

என் தொழிலில் இதற்கு ஒரு பேர் உண்டு. டெஸ்ட் சர்வரில் பிரமாதமாக ஓடும், கஸ்டமர் கைக்குப் போனதும் படுத்துவிடும். அப்போது மேனேஜர் முன்னால் போய் நின்று 'எங்க சர்வர்ல நல்லாத்தான் சார் ஓடுது' என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று தெரியும். தெரபி மையம் மட்டும் அதைத் தைரியமாகச் சொல்கிறது. "செஷன்ல நல்லா பண்றானே சார், வீட்டுலதான் ஏதோ கன்சிஸ்டன்ஸி இல்ல." பழி நம் தலையில்.

என் குற்றச்சாட்டுகளை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. எதிராளி ஒரு பெரியவர். அதுவும் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற, கோபப்படாத பெரியவர். எந்தக் குழந்தையும் அப்படி இருக்காது. குழந்தை அவசரப்படுத்தும், கத்தும், பகடையைப் பிடுங்கும், நடுவில் அம்மா கூப்பிட்டால் எழுந்து ஓடும். அறையில் பழகியது தெரபிஸ்டோடு ஆடுவதற்கு மட்டுமே உதவும். உலகத்தில் வேறு எங்கும் அந்த எதிராளி கிடையாது.

2. தோல்வி இல்லை. வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதற்கு எங்கள் ஊரில் போங்காட்டம் என்றுதான் பேர். இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்த பிள்ளை, ஆட்டம் என்றாலே தான் ஜெயிப்பது என்று படித்துக்கொள்கிறான். அந்தப் பாடத்தை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். பார்க்கிங்கில் பலகை கவிழ்ந்தது அதன் பரீட்சை ரிசல்ட்.

3. நட்சத்திரம். விளையாட்டே குழந்தைக்குப் பரிசு. அதற்கு மேல் இன்னொரு பரிசு வைத்தால் என்ன ஆகும்? 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் படம் வரையப் பிடித்த நர்சரிக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிக் கொடுத்த குழந்தைகள், பிற்பாடு பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு: காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் அது வேலை. என் பையன் அறையில் லூடோ ஆடவில்லை, ஷிஃப்ட் பார்த்தான். பல் தேய்க்க நட்சத்திரம் கொடுங்கள், அதில் யாருக்கும் இயல்பாக ஆசை இல்லை. விளையாட்டுக்கு எதற்கய்யா?

4. 'லுக் அட் மீ'. முகத்தைப் பார்க்காமல் கூடியிருக்க ஒரு பலகை கிடைத்தது என்று மேலே சொன்னேன். அதையும் நடுவில் நிறுத்தி 'என் கண்ணைப் பார்' என்றால் என்ன நியாயம்? நீங்கள் நண்பர்களோடு சீட்டு ஆடும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் எதிராளி கண்ணைப் பார்ப்பீர்களா? பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள்.

5. 'மை டர்ன் ப்ளீஸ்'. புனேயில் எந்தப் பிள்ளையும் இப்படிச் சொல்வதில்லை. 'மேரா சான்ஸ்' என்பார்கள். மராத்திப் பிள்ளைகள் 'மாஜா டாவ்' என்பார்கள். என் பையன் கீழே போய், ராகம் போட்ட மாதிரி 'மை டர்ன் ப்ளீஸ்' என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஏர்போர்ட் அறிவிப்பு மாதிரி இருந்தது, யாருக்கும் சிரிப்பு வரும்.

ஐந்தாவதில் எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து பிழைக்கிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம் ஒளிந்திருக்கிறது. ஒரு மையத்தில், "வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், குழந்தை குழம்புகிறான்" என்றார்கள். ஊரில் இருக்கிற ஆத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. போனில் அவள் கொஞ்சுகிற நாலு வார்த்தையும் போக வேண்டுமாம். ஹாம்ப்லி, ஃபோம்போன் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்த ஆட்டிசம் குழந்தைகளின் பேச்சு, ஒரு மொழி வீட்டுக் குழந்தைகளைவிடப் பின்தங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையேதான் சொல்கின்றன. இதெல்லாம் வந்து வருஷக்கணக்காயிற்று. அறிவுரை மட்டும் மாறவில்லை.

ஒன்று விழுந்தால் காய் இறங்குமா?

இப்போது என் முக்கியமான சண்டைக்கு வருகிறேன்.

லூடோவில் எது 'சோஷியல் ஸ்கில்' என்று நினைக்கிறீர்கள்? காத்திருப்பதா? அது பஸ் ஸ்டாப்பிலும் செய்யலாம். உண்மையான சாமர்த்தியம் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் நடக்கிற ஐந்து நிமிஷச் சண்டையில் இருக்கிறது.

ஆறு விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். பல வீடுகளில் ஒன்று விழுந்தாலும் இறக்குவார்கள். என் அம்மா லூடோவிலும் ஒன்றுக்குத்தான் இறக்குவாள். 'தாயம் விழாம காய் எப்படிடா இறங்கும்?' என்பாள். அவள் தாயக்கட்டையில் வளர்ந்தவள், அவளுக்கு அதுதான் சட்டம். மூன்று ஆறு தொடர்ந்து விழுந்தால் செல்லாது என்று சிலர், செல்லும் என்று சிலர். ஒரு காயையாவது வெட்டாமல் பழத்துக்குப் போகக் கூடாது என்று பக்கத்து பில்டிங்கில் ஒரு சட்டம். யூனோவில் +2 மேல் இன்னொரு +2 வைக்கலாமா என்ற கேள்வியில் உடைந்த சிநேகங்கள் எத்தனையோ. கம்பெனி விதிப்படி வைக்கக் கூடாது. வைக்காத வீடு எனக்குத் தெரிந்து இல்லை.

ழான் பியாஜே 1932-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஸ்விட்சர்லாந்துப் பையன்களோடு உட்கார்ந்து கோலி ஆடி, விதி எங்கிருந்து வந்தது, மாற்றலாமா என்றெல்லாம் அவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது மேலிருந்து வந்தது, தொடக் கூடாதது. வளர வளர, எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று புரிகிறது. அந்தப் புரிதல் பெரியவர் சொல்லி வருவதில்லை, சம வயதுப் பிள்ளைகளோடு பேசித் தீர்ப்பதில் வருகிறது என்பது அவர் வாதம். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

என் பையன் மாதிரிப் பிள்ளைகள் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு மிகத் தேவையான பயிற்சி, 'இங்கே என்ன ரூல்?' என்று கேட்பதும், 'இந்த ஆட்டத்துக்கு ஒன்று விழுந்தாலும் சரி, அடுத்த ஆட்டத்துக்கு ஆறு மட்டும்' என்று பேரம் பேசுவதும்தான். அறையில் அதற்கு இடமே இல்லை. விதியைத் தெரபிஸ்ட் சொல்வார், பையன் கேட்பான். பேரம் பேசினால் அதற்கு 'நான்-கம்ப்ளையன்ஸ்' என்று இன்னொரு கட்டத்தில் டிக் விழும். சிநேகத்துக்கு வேண்டியது வாதம், சொல்லித்தருவது கீழ்ப்படிதல்.

அவர்கள் சாஸ்திரமே சொல்வது

இதெல்லாம் ஒரு தகப்பனின் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். சரி, அவர்களுடைய சாஸ்திரத்தையே எடுப்போம்.

பிஹேவியர் தெரபிக்காரர்கள் மதிக்கும் பத்திரிகை 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்'. 1977-ல் அதில் ஸ்டோக்ஸ், பேயர் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் தானாக வந்துவிடாது, அதற்கென்று தனியாகத் திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். திட்டமில்லாமல் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடவுளே என்று காத்திருக்கும் முறைக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பயிற்றுவி, நம்பியிரு' என்று வரும். அதைத்தான் நம் மையங்கள் இன்றைக்கும் செய்கின்றன. ஒரு வித்தியாசம், பிரார்த்தனை நம்முடையது, ஃபீஸ் அவர்களுடையது :-)

அதே பத்திரிகையில் 1994-ல் இன்னொன்று. நாலு, ஐந்து வயதுக் குழந்தைகளை ஒரு சமயம் போட்டி ஆட்டங்களும், இன்னொரு சமயம் எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கும் ஆட்டங்களும் ஆட வைத்துப் பார்த்தார்கள். சேர்ந்து ஜெயிக்கும் ஆட்டங்கள் ஆடிய காலத்தில் அடிதடி குறைந்து ஒத்துழைப்பு கூடியது. போட்டி ஆட்டங்களில் நேர்மாறு. ஆக, எந்தப் பலகையை எடுக்கிறோம் என்பதே பெரிய விஷயம். லூடோ வெட்டுகிற ஆட்டம். ஆரம்பத்துக்கு 'ஆர்ச்சர்ட்' மாதிரி ஒன்று நல்லது. 1986-ல் ஜெர்மனியின் ஹாபா கம்பெனி கொண்டுவந்தது. காகம் தோட்டத்துக்குள் வருவதற்குள் எல்லோரும் சேர்ந்து பழம் பறித்துவிட வேண்டும். பெட்டி விலை கூடுதல்தான். ஒரு சார்ட் பேப்பரில் மரமும் காக்காயும் வரைந்து நாமே செய்துகொள்ளலாம், நான் செய்தேன். ஆனால் நான் கேட்டவரை எந்த மையத்திலும் 'ஏன் லூடோ?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அலமாரியில் இருந்தது, எடுத்தார்கள்.

2020-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு, ஆட்டிசத்துக்கு ஆதாரம் உள்ள முறைகள் என்று 28-ஐப் பட்டியலிட்டது. 'சோஷியல் ஸ்கில்ஸ்' பயிற்சியும் அதில் இருக்கிறது, மறைக்கவில்லை. சக குழந்தைகளைக் கொண்டு கற்பிப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. முதலாவதை விற்கிறார்கள். இரண்டாவதை யாரும் பேசுவதே இல்லை. அதற்கு அறை வாடகை வாங்க முடியாது பாருங்கள்.

ஒப்புக்குச் சப்பாணியும் கச்சா லிம்புவும்

நம் ஊரில் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும், ஆனால் அவுட் ஆக்க முடியாது என்கிற பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்போம். மராத்தியில் அதற்கு 'கச்சா லிம்பு', பச்சை எலுமிச்சை. அழுகுணி ஆட்டத்துக்கும் இங்கே 'ரடீச்சா டாவ்' என்று அச்சு அசலான வார்த்தை இருக்கிறது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்த ஏற்பாடு இது. 2017-ல் பிரசாத் ஓக் இயக்கிய மராத்திப் படத்துக்குக் 'கச்சா லிம்பு' என்றே பெயர். அது மாற்றுத்திறனாளி மகனை வளர்க்கிற பெற்றோரின் கதை. நம்முடைய வார்த்தையில் ஊனத்தைச் சொல்லும் வசவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது போகத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு புத்தி இருக்கிறது: ஆட்டத்துக்கு ஏற்றபடி ஆளை மாற்றுவதற்கு முன்னால், ஆளுக்கு ஏற்றபடி ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்.

தெரபி அறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. மாற வேண்டியவன் ஒருவன் மட்டும், என் பையன். 2012-ல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு எளிமையான கேள்வி கேட்டார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனசு புரியவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு அவர் மனசு புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். அப்படியென்றால் பயிற்சி ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும்?

எங்கள் பில்டிங்கில் ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஆட்டம் நடக்கிறது. என் பையன், மூன்றாம் மாடி அக்கா தம்பி, இரண்டாம் மாடிப் பையன் ஒருவன். நான் ஓரத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஆட்டத்துக்கு முன் ரூல் என்ன என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கட்டை விரலைத் தூக்கி 'டைம் ப்ளீஸ்' சொல்லி எழுந்து போகலாம், காய் அங்கேயே இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பலகையைக் கவிழ்ப்பதை நிறுத்த இரண்டு தெரபிஸ்டுகள் சேர்ந்து நாலு பக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடிப் பெண், பத்து வயசு, அதற்கு ஒரே நாளில் வழி சொன்னாள். "அங்கிள், மேக்னெட் லூடோ வாங்குங்க. கவுத்தாலும் காய் விழாது." வாங்கினேன். இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தான், ஒன்றும் விழவில்லை, சுவாரசியம் போய்விட்டது. இப்போதும் தோற்றால் எழுந்து பார்க்கிங்கை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவான். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்த ஸ்கில் அவர்களுக்கும் வந்துவிட்டது, நட்சத்திரம் இல்லாமல். போன மாசம் இவன் சொன்னது: "இந்த தடவ ஒண்ணுக்கும் இறக்கலாம். தாயம்!" மராத்திப் பிள்ளைகள் இப்போது ஒன்று விழுந்தால் 'தாயம்' என்று கத்துகின்றன.

அதிசயம் நடந்தது என்று கதைவிடவில்லை. பள்ளியில் அவனுக்கு இன்னும் சிநேகிதன் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டு பெல் அடிக்கிறது. அடிப்பது பிள்ளைகள்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

'முதலில் அறைக்குள் பழகட்டும், அப்புறம் வெளியே.' ஒப்புக்கொள்கிறேன். சத்தமும் கூட்டமும் தாங்காத குழந்தைகளுக்கு அமைதியான அறை வேண்டும். ஆனால் அந்த 'அப்புறம்' எந்தத் தேதி? எந்தத் திட்டத்தில் எழுதியிருக்கிறது? வெளியேறும் வழி இல்லாத அறைக்குப் பயிற்சி அறை என்று பெயர் இல்லை.

'மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள்.' செய்வார்கள். அதனால்தான் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும் என்கிறேன். அந்த வேலைக்குத்தான் தெரபிஸ்டுக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். வாரம் ஒரு செஷனைப் பார்க்கிங்கில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

'பெற்றோர்கள் கிராஃப் கேட்கிறார்கள்.' கேட்கிறோம், வாஸ்தவம். அறைக்குள் எத்தனை விநாடி காத்திருந்தான் என்பதற்குப் பதிலாக, வேறு பிள்ளைகளோடு எத்தனை நிமிஷம் ஆட்டத்தில் இருந்தான், எத்தனை தடவை அவர்களாகவே கூப்பிட்டார்கள் என்று போட்டுக்கொடுங்கள். நாங்கள் அதையும் ஃபிரிட்ஜில் ஒட்டிவைப்போம்.

'எல்லா வீட்டிலும் பார்க்கிங்கும் அக்கம்பக்கமும் கிடையாது.' இது நியாயமான பேச்சு. ஒண்டுக்குடித்தனத்தில், ஷிஃப்ட் வேலையில் இருக்கிற அப்பா அம்மா என்ன செய்வார்கள்? மையத்துக்கு அடுத்தடுத்த நேரத்தில் வருகிற இரண்டு குழந்தைகளை ஒரே நேரத்தில் வரச் சொல்லலாமே. வெயிட்டிங் ஹாலில் அண்ணன், தங்கை என்று எத்தனை பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன? அவர்களை உள்ளே கூப்பிடக் காசு செலவில்லை.

பணம் கட்டுகிறவர்கள் கேட்க வேண்டியவை

அடுத்த மீட்டிங்குக்குப் போகும்போது இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இந்த ஆட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
2. என் குழந்தை கடைசியாக எப்போது நிஜமாகத் தோற்றான்?
3. இன்னொரு குழந்தையோடு எந்தத் தேதியில் ஆட்டம் ஆரம்பிக்கிறது?
4. எந்த மொழியில் பழக்குகிறீர்கள்? எங்கள் தெருப் பிள்ளைகள் பேசுவது அதுதானா?
5. அறைக்கு வெளியே அளந்தீர்களா?

கேட்டால் முகம் சுளிப்பார்கள். 'டிஃபிகல்ட் பேரன்ட்' என்று ஃபைலில் எழுதுவார்கள். எழுதட்டும். டெஸ்டிங்காரனுக்கு அந்தப் பட்டம் ஒன்றும் புதிதில்லை. ஒழுங்கான தெரபிஸ்ட் என்றால் கோபம் ஆறியதும் மூன்றாவது கேள்விக்கு ஒரு தேதி சொல்வார். அந்தத் தேதி சொல்கிறவரை விடாதீர்கள். சொல்லாதவருக்கு அடுத்த மாசப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.

பி.கு: மேக்னெட் லூடோவில் காய்கள் ரொம்பச் சின்னது. எதையும் வாயில் போடுகிற பிள்ளை என்றால் அது வேண்டவே வேண்டாம். காந்தத்தை முழுங்கினால் ஆபத்து. பெரிய துணிப் பலகையும் பெரிய காயும் வாங்குங்கள்.